பெயர் வெட்டிய பித்தளைக் குடம்

எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று பவானிப் பக்கத்தில் ஒரு குடும்பம் மூன்று வாரம் நம்பியது. நான் வீட்டை அழகுபடுத்தியதுதான் காரணம்.

அப்போது பீளமேட்டில், மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில், வரைபடம் போடும் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் பருத்திக் காட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் வழிதவறி எஸ்.எஸ்.எல்.சி.க்குப் போய், அங்கிருந்து டிப்ளமோவுக்குப் போய், கடைசியில் கழுத்துப் பட்டன் போட்ட சட்டையோடு ஒரு சாய்வு மேசை முன்னால் நின்றேன். வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். முன்னறை, பின்னால் ஒரு சமையலறை. முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு பாய், ஒரு காலண்டர். காலண்டர் போன வருடத்தது. படம் நன்றாக இருந்ததால் எடுக்கவில்லை.

பவானிக்குப் பக்கத்து ஊரில் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணுக்கு அம்மா இல்லை. அப்பாவும், அப்பாவின் அக்காவும்தான். அந்த அப்பா என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். அவர் கேட்டது மரியாதைக்காக. நான் பதில் சொன்னது நிஜமாகவே. பம்பு எப்படித் தண்ணீரை உறிஞ்சுகிறது, எப்படி மேலே தள்ளுகிறது என்று கை வைத்துக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். என் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் நிறுத்தியதும் உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கெணத்துல தண்ணி இல்லீன்னா அது என்ன பண்ணுமுங்க?"

"அம்மணி, சும்மாரு" என்றார் அத்தை.

எனக்கு உடனே பதில் வரவில்லை. கம்பெனியில் தண்ணீர் இல்லாத கிணற்றை யாரும் வரையச் சொல்லியிருக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது, "மூஞ்சிய நல்லாப் பாத்தியாடா?" என்று கேட்டாள். பாதிதான் பார்த்திருந்தேன்.

பத்து நாளில் நடுவில் இருந்த தரகர் மூலம் சேதி வந்தது. பையன், குடும்பம் எல்லாம் சரி. ஆனால் புள்ளை வந்து குடியிருக்கப்போவது கோயமுத்தூரில்; அந்த வீட்டையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.

என் முன்னறையை நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

இதற்குச் சில வாரம் முன்புதான் ஒரு வரைபடத்தில் கையெழுத்து வாங்க எங்கள் முதலாளி வீட்டுக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். அவருடைய மருமகள் கல்கத்தாவில் படித்தவர். அவர்கள் வீட்டு ஹாலில் ஒரு நீள மரப்பலகை அடித்து, அதன்மேல் பழைய பித்தளையாக வைத்திருந்தார்கள். குடம், தவலை, கூஜா, வெற்றிலைப் பெட்டி. மூலையில் ஒரு பெரிய அண்டா, அதில் குடைகள். சாப்பாட்டு மேசையில் எச்சில் படிக்கம், அதில் ரோஜாப்பூ. சமையலுக்கும் குளிப்பதற்கும் துப்புவதற்கும் இருந்த சாமான்களை வேலையிலிருந்து நிறுத்தி, உட்கார வைத்து மரியாதை செய்த மாதிரி இருந்தது. சாயங்கால வெயில் பட்டு எல்லாம் தங்கமாகத் தெரிந்தன. படித்தவர்கள் வீடு இப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. நானும் படித்தவன்தான்.

அந்த ஹாலில் இருந்த அத்தனை பித்தளையிலும் ஒரே ஒரு பெயர்தான் வெட்டியிருந்தது, அது அந்த வீட்டு மாமியாரின் பெயர் என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எங்கள் வீட்டில் இருந்தது மண்ணும் அலுமினியமும். பெயர் வெட்டும் அளவுக்கு எங்களிடம் பாத்திரம் இருந்ததில்லை.

பழைய பித்தளைக்கு அப்போது பஞ்சமே இல்லை. ஊரெல்லாம் எவர்சில்வர் பைத்தியம். அம்மாக்கள் கொண்டுவந்த குடங்களைப் பெண்கள் எடைக்குப் போட்டு, பளபளவென்று டிபன் கேரியர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். டவுனில் ஒரு பழைய பாத்திரக் கடை. கடைக்காரர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கூரை வரை பித்தளை.

"உருக்கறதுக்குங்களா?" என்றார்.

"இல்லீங்க. ஊட்ல வெக்கறதுக்கு."

"என்ன வெப்பீங்க அதுல?"

"எதுவும் வெக்க மாட்டேனுங்க. அதையே வெப்பேன்."

அவர் பின்னால் கை காட்டி, "எடுத்துக்குங்க" என்றார்.

பதினோரு உருப்படி பொறுக்கினேன். ஏழில் பெயர் வெட்டியிருந்தது. உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, கழுத்தோரமாகவோ விளிம்பிலோ பழைய எழுத்துகள். எல்லாவற்றிலும் அழகு ஒரு குடம். பெண்ணின் பெயர், முன்னால் ஊரின் முதல் எழுத்து, பக்கத்தில் ஒரு சின்னப் பூ. வெட்டியவன் அவசரப்படாமல் வெட்டியிருந்தான்.

"பேரை அரம் போட்டு எடுத்துத் தாரனுங்க. வாங்கறவங்க எல்லாரும் எடுத்துட்டுத்தான் போவாங்க" என்றார் கடைக்காரர்.

"வேண்டாமுங்க. எழுத்து நல்லா இருக்குது."

"அடுத்தவங்க பேருங்க அது."

"இருக்கட்டுமுங்க."

நான் எழுத்துக்கு மரியாதை கொடுப்பவன். அதை அரத்தால் அழிப்பது எனக்குப் பாவமாகப் பட்டது. அவர் இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் சிரித்துக்கொண்டே மறுத்தேன். பின்னால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லாமல் போனது இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்னறைச் சுவரில் நானும் ஒரு பலகை அடித்து, எல்லாவற்றையும் தேய்த்து அதில் அடுக்கினேன். ஒவ்வொரு பெயரும் வாசலைப் பார்த்து இருக்கும்படி திருப்பினேன். பூ வெட்டிய குடத்துக்கு நடு இடம். வாங்கிவந்ததில் இருந்த எச்சில் படிக்கத்தில் பக்கத்து வீட்டு வேலியிலிருந்து செம்பருத்தி பறித்து வைத்தேன். நாற்காலியைப் பலகைக்கு எதிரில் போட்டேன், உட்காருபவர் பார்ப்பதற்கு வசதியாக.

என் அம்மா காலை பஸ்ஸில் வந்து காப்பி போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. பஸ் வழியில் நின்றுபோனது. அதனால் பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்தபோது நான் தனியாக இருந்தேன். காப்பியும் நானே போட்டேன்.

பெண்ணின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். வெற்றிலை போட்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார், கைக்கெட்டும் தூரத்தில் படிக்கம் இருந்தது, துப்பினார். செம்பருத்தி சிவப்பாக இருந்ததால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அத்தை உட்காரவே இல்லை. நேராகப் பலகைக்குப் போனார்.

அவரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவர்கள் ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் சமையலுக்கு ஊர் முழுக்கப் பாத்திரம் இரவல் வாங்கிவந்துவிடுவார்கள். பந்தி முடிந்து கழுவிக் கவிழ்த்த பிறகு, எது யார் வீட்டுச் சாமான் என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பது இந்த அத்தையின் வேலை. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. புத்தகம் கொடுத்தால் படிக்கத் தெரியாது. பாத்திரத்தில் இருந்தால் படிப்பார். கண்ணைவிட விரல் முந்தும். பித்தளையைப் பார்த்ததும் கை தானாகக் கழுத்துக்குப் போய்விடும்.

விரல் குடத்தின் மேல் ஒரு முறை ஓடியது. உதடு அசைந்தது.

"ஏனுங் தம்பி, இது யாரு ஊட்டுக் கொடமுங்க?"

"நம்மூட்டுதுதானுங்க" என்றேன், பெருமையாக.

"இந்தப் பேரு?"

"அது தெரியாதுங்க."

அத்தை திரும்பினார். "உங்க ஊட்டுக் கொடம். அதுல இருக்கற பொம்பளை யாருன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"அழகா இருந்துதுங்க. அதனால வெச்சேன்."

"பேருங்களா, ஆளுங்களா?"

"எழுத்துங்க..." என்று ஆரம்பித்தேன். பழைய கடையில் வாங்கியது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. சம்பளம் வாங்கும் ஒரு மனுஷன், ஊரே தூக்கி எறிகிற பித்தளையை, அதுவும் வேறு வீட்டுப் பெண் சீராகக் கொண்டுபோன குடத்தை, எதையும் வைக்காமல் சும்மா பார்ப்பதற்காக விலை கொடுத்து வாங்கினான் என்பதை நம்பும் அளவுக்கு அவர் ஏமாளி இல்லை. கல்யாணமாகாதவன் வீட்டில் பெண் பெயர் வெட்டிய குடம் இருக்கிறது. அது வந்த வழி ஒன்றுதான் இருக்க முடியும்.

"எந்திரிங்க போலாம்" என்றார் தன் தம்பியிடம்.

"காப்பி..." என்றேன்.

"அவிங்களுக்கே குடுங்க" என்று குடத்தைக் காட்டிவிட்டு அத்தை படியிறங்கினார்.

ரோட்டில் என் அம்மா எதிரே வந்திருக்கிறாள். சம்பந்திகள் என்று வாய் நிறைய "வாங்கங்க, வாங்கங்க" என்றிருக்கிறாள். அவர்கள் அம்மாவைத் தாண்டிப் போய் பஸ்ஸுக்கு நின்றுகொண்டார்கள். அம்மா வீட்டுக்குள் நுழைந்தாள். பலகையைப் பார்த்தாள். மூன்று டம்ளர் காப்பியைப் பார்த்தாள்.

"என்றா இது, ஏலக்கடையா?"

நடந்ததைச் சொன்னேன். அம்மா பாயில் உட்கார்ந்துவிட்டாள். "உன்னைய அத்தன வருசம் படிக்க வெச்சதுக்கு, பொம்பளைங்க பேரா வாங்கி அடுக்கி வெச்சிருக்கறயேடா" என்றாள்.

தரகர் அந்த வாரமே வந்தார். அவர் வருத்தப்படவில்லை, வேலையாக வந்திருந்தார்.

"மொதல் சம்சாரம் தவறிப்போச்சுங்களா, அத்து உட்டாச்சுங்களா, அதைய மட்டும் சொல்லிப்போடுங்க தம்பி. ரெண்டாந்தாரம்னா அதுக்குத் தகுந்தாப்பல வேற எடம் இருக்குதுங்க. நல்ல எடமாவே ரெண்டு வெச்சிருக்கறேன்."

"எனக்குக் கல்யாணமே ஆகலீங்க."

"செரிங்க" என்றார் அவர், வாதாடும் விருப்பமில்லாமல். "அப்பிடியே சொல்லிக்கலாம். ஆனா கொடம் இருக்குதல்லங்க."

கல்யாணம் ஆனதற்கு ஆதாரம் காட்டலாம். ஆகாததற்கு என்ன காட்டுவது என்று பல நாள் யோசித்தேன். வரைபட மேசையில் ஒரு வால்வை இரண்டு முறை தலைகீழாக வரைந்தேன். கடைசியில் பாத்திரக் கடைக்காரரிடமே போனேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எந்தக் கொடமுங்க?" என்றார்.

"நீங்க குடுத்ததுதானுங்க. பூப் போட்டது. பேரை எடுத்துத் தாரேன்னு சொன்னீங்களே."

"நானுங்களா?"

கடையில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, என்ற கடைக்கு சாமான் கொண்டாரவங்கள்ல பாதிப் பேரு முந்தானைக்குள்ள மறைச்சுட்டு வாராங்க. மாமியாளுக்குத் தெரியாது, புருசனுக்குத் தெரியாது. நான் எங்கயாவது போயி, இன்ன பேரு போட்ட கொடம் என்ற கடையிலதான் வந்துதுன்னு சொன்னேன்னா, அந்தப் புள்ளை அவங்கூட்ல எப்பிடி இருக்கும்? அதனாலதானுங்க அரம் வெச்சிருக்கறேன். கேட்டீங்களா நீங்க?"

கேட்கவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. இப்போ வேண்டுமானால் அரம் போட்டுத் தருகிறேன் என்றார். இப்போது அழித்தால் எதையோ மறைக்க அழித்தேன் என்றுதான் ஆகும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வழி சொன்னது அம்மாதான். "கொண்டுபோயி அவங்க முன்னாலயே கொட்டிப்போடு. வேணும்னா வெச்சுக்கட்டும், ஒடைக்கட்டும். அதுக்கப்பறம் உன்ற அதிர்ஷ்டம்."

பதினொன்றையும் இரண்டு சாக்கில் கட்டி பவானி பஸ்ஸில் ஏற்றினேன். மேலே போடச் சொன்னார்கள். அவிநாசி, பெருந்துறை என்று ஒவ்வொரு வளைவிலும் கூரைமேல் கலகலவென்று சத்தம். "என்னங்க, தனிக்குடித்தனம் போறீங்களா?" என்றார் கண்டக்டர். இன்னும் தெரியவில்லை என்றேன்.

அவர்கள் வீட்டு முன்கூடத்தில் சாக்கை இறக்கியபோது பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். விரட்டுவதற்கா வரவேற்பதற்கா என்று அவருக்கே தெரியவில்லை. வெறுந்தரையில் கொட்ட மனமில்லாமல் ஒரு ஜமக்காளத்தை எடுத்து விரித்தார். நான் சொல்லவேண்டியதை ஆறு விஷயங்களாகப் பிரித்துப் பரீட்சைக்கு மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன். முதலாவது, வீட்டு அழகு பற்றியது. இரண்டாவதைத் தொடங்கும்போது அத்தை வந்துவிட்டார்.

"எல்லாத்தையும் வெளிய எடுங்க" என்றார்.

எடுத்து வைத்தேன். அவர் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் பூ வெட்டிய குடத்தை எடுத்துத் தன் பக்கத்தில் தனியாக வைத்துக்கொண்டார், குற்றவாளியைப் பிரித்து வைப்பது மாதிரி. பிறகு தவலை. விரல் ஓடியது. நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓடியது.

"இது வேற பேரு" என்றார்.

கூஜாவை எடுத்தார். "இதும் வேற."

வெற்றிலைப் பெட்டி. மூடியைத் திருப்பி அடியைப் பார்த்தார். "இது அவினாசிப் பக்கம். வெட்டு அந்தப் பக்கத்து வெட்டு."

தூக்குப் போசி ஒன்று, சொம்பு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு பெண். கல்யாண வீட்டில் பாத்திரம் பிரிக்கிற பழக்கத்தில், அவர் ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு இடம் ஒதுக்கி ஜமக்காளத்தில் தனித்தனியாக வைத்துக்கொண்டே வந்தார். ஏழாவது ஒரு அண்டா. அதில் ஒரு ஆணின் பெயர்.

"இது மாமனாரா இருக்கும்" என்றார் பெண்ணின் அப்பா.

உள்ளே கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அத்தை திரும்பினார். "என்ன அம்மணி?"

"ஒன்னுமில்லீங்கத்தை."

"சொல்லு."

"இல்லீங்க, ஒரு பொண்டாட்டின்னா நம்பலாமுங்க. ஆறு பேரை வெச்சுக் குடும்பம் பண்ற ஆளா அத்தை இவங்க? அன்னைக்குக் கெணத்துல தண்ணி இல்லீன்னா என்ன பண்ணும்னு கேட்டதுக்கே பதில் வல்ல."

"நிறுத்திப்போடோணுங்க!" என்றேன் கதவைப் பார்த்து. எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "தண்ணி இல்லாம ஓட்டுனா மோட்டாரு வெந்துபோயிருமுங்க. பெரிய இஞ்சினியரைக் கேட்டுட்டேன்."

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார், ஜமக்காளத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருந்த ஆறு பெண்களையும் மாமனாரையும் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"அக்கா, புள்ளை சொல்றது சரிதானுங்க. ஆறு பொம்பளை இருக்கற ஊட்ல அந்த மாதிரி ஒரு காப்பி வாசம் வருமுங்களா? நான் அன்னைக்கே நெனைச்சேன், பொம்பளை கை படாத காப்பின்னு."

நான் கல்யாணமாகாதவன் என்று இப்படித்தான் ஊர்ஜிதமானது. என் யோக்கியதையை யாரும் நம்பவில்லை. என் திறமையின்மையை எல்லாரும் ஒரே மனதாக நம்பினார்கள். எனக்கு வேண்டியது கிடைத்ததால் நான் எதிர்த்துப் பேசவில்லை. மீதி இருந்த ஐந்து விஷயங்களையும் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

பெண் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதுதான் முகத்தை முழுதாகப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் ஜமக்காளத்தைப் பார்த்து, "இத்தனையும் நெசமாலுமே சும்மா பாக்கறதுக்குத்தானுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், வாசற்படியில் ஒரு முறை நின்று வெற்றிலைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

தை மாதத்துக்கு நாள் பார்ப்பதாகப் பேச்சு முடிந்தது. நான் சாக்கைக் கட்டத் தொடங்கினேன். பத்து உருப்படி உள்ளே போய்விட்டது. பூ வெட்டிய குடம் மட்டும் அத்தையின் பக்கத்திலேயே இருந்தது. நான் கை நீட்டினேன்.

"இது இங்கயே இருக்கட்டுமுங்க" என்றார்.

"ஏனுங்க?"

"மத்த அஞ்சும் போகுதுங்க. இதுல பூவெல்லாம் போட்டிருக்குது. இந்த ஊர் எழுத்து எந்த ஊருன்னு எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஒரு கல்யாணம் இருக்குது. போயி ஒரு வார்த்தை விசாரிச்சுப்போட்டுத் தாரேன்."

பெண்ணின் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவரைப் பார்த்தார். அவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருடம் ஆகிறது. பித்தளை பலகையில்தான் இருக்கிறது. பெயர்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லி மாளாது. படிக்கத்தில் பூ வைப்பதை என் மனைவி முதல் நாளே நிறுத்திவிட்டாள். குடம் மட்டும் வந்து சேரவில்லை. பவானிப் பக்கம் போகும்போதெல்லாம் அத்தையிடம் கேட்பேன். "விசாரிச்சீங்களா அத்தை?" "ஆளு இன்னும் தட்டுப்படலீங்க மாப்ளை" என்பார். அவர் குரலில் சந்தேகம் தீரவில்லை என்று தெரியும்.

போன ஆடிக்குப் போயிருந்தோம். அத்தை வாய்க்காலிலிருந்து தண்ணீர் எடுத்து வந்துகொண்டிருந்தார். இடுப்பில் அந்தக் குடம். இறக்கி வைக்கும்போது பார்த்தேன். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேர் கீழே புதிதாகப் புள்ளி குத்தி, அத்தையின் பெயர், ஊரின் முதல் எழுத்து எல்லாம் இருந்தது.

"என்னங்கத்தை இது?" என்றேன்.

"கல்யாண ஊடுகளுக்கெல்லாம் போயிட்டு வாரதுங்க மாப்ளை" என்றார் அத்தை, முந்தானையால் குடத்தைத் துடைத்துக்கொண்டே. "யாருதுன்னு தெரியோணுமல்லங்க."